ஓடையின் கணக்கும் ஊராரின் வழக்கும்

"ஓடுகிற நீருக்குத் தீட்டு இல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாடு இது. மனிதன் தொட்டால் தீட்டு, அவன் நிழல் பட்டால் தீட்டு, அவன் குடம் வைத்தால் கிணறே தீட்டு என்றெல்லாம் விதி வகுத்தவர்கள், ஆலைக் கழிவு கலந்தால் ஆற்றுக்குத் தீட்டு என்று மட்டும் எழுதி வைக்கவில்லை! எதைக் கொட்டினாலும் ஆறு ஏற்றுக்கொள்ளும், எல்லாவற்றையும் கழுவிவிடும், கடைசியில் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நம்பினார்கள், நம்பச் சொன்னார்கள்.

அந்த நம்பிக்கை இன்று வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. சுரங்கம் வெட்டுவோரும், கல்லுடைப்போரும், முலாம் பூசும் பட்டறை நடத்துவோரும் சொல்கின்றனர்: "ஏன் பதறுகிறீர்கள்? ஓடைக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சக்தி உண்டு. பத்து மைல் ஓடினால் தண்ணீர் தெளிந்துவிடும். இதை நாங்கள் சொல்லவில்லை, விஞ்ஞானம் சொல்கிறது!"

நாம் பதறவில்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னவர்களிடம் விஞ்ஞானத்தின் கணக்கைக் கேட்கிறோம். ஓடை எவ்வளவு சுத்தம் செய்யும்? எத்தனை நாளில்? எந்த மாதத்தில்? எடுத்த அழுக்கை எங்கே வைக்கும்? வைத்ததைத் திருப்பித் தருமா, தராதா? இந்த ஐந்து கேள்விக்கும் விடை சொல்லிவிட்டல்லவா "பதறாதே" என்று சொல்ல வேண்டும்!

ஓடை உலோக நஞ்சைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. முழுப் பொய்யை மக்கள் ஒருநாள் கண்டுகொள்வர். பாதி உண்மையோ பல நாள் பதவியில் இருக்கும். ஆகவே மீதிப் பாதியை இன்று எடுத்துரைக்கிறோம்.

மலை மேல் நின்று பார்த்தால்

தேன்கனிக்கோட்டைப் பகுதியை அறியாத தோழர்களுக்குச் சில வார்த்தை. கேழ்வரகு விளையும் மேட்டு நிலம். யானை நடமாடும் காடு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் எல்லைப்புறம். பாறையை அறுத்து வண்ணக்கல்லாக்கி வெளிநாட்டுக்கு ஏற்றும் குவாரிகள் ஒருபுறம். பாறையை நொறுக்கி ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்கும் கிரஷர்கள் மறுபுறம். வடக்கே ஓசூர். 1970-களில் சிப்காட் வந்ததும் ஊர் நகரமாயிற்று. நாலா மாவட்டத்து இளைஞருக்கும் வேலை தந்தது. அதை நாம் மறுக்கவில்லை, மகிழ்கிறோம்.

இந்தப் பகுதியின் தண்ணீர் இரண்டு திசையில் இறங்குகிறது. தெற்கே இறங்குவது சின்னாறு; பஞ்சப்பள்ளி அணையைக் கடந்து ஒகேனக்கல் பக்கத்தில் காவிரியோடு கலக்கிறது. வடக்கே ஓடுவது தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவைச் சுமந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையில் முதல் மூச்சு விடுகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, விழுப்புரம், கடலூர், கடல்.

கெலவரப்பள்ளியில் அந்த ஆறு விடும் மூச்சு எப்படி இருக்கிறது? மதகு திறந்தால் வெள்ளைவெளேரென்று நுரை! பஞ்சுமலைபோல் குவிந்து, காற்றில் பறந்து, பாலத்தை மூடி, வயலில் விழுகிறது. புகைப்படம் எடுக்கிறார்கள், பத்திரிகையில் போடுகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள்.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். நுரை என்பது சோப்பும் சலவைத்தூளும் சாக்கடையும் செய்யும் வேலை. அது கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது. ஈயம் நுரைக்காது. குரோமியம் நாறாது. காட்மியம் காற்றில் பறந்து வந்து நம் சட்டையில் ஒட்டாது. கூச்சல் போடும் திருடனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்; ஓசையின்றி வீட்டுக்குள் நுழைபவனை யார் பார்ப்பது?

கிழக்கே ஒரு பார்வை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையைத் தொட்டு நிற்பது கோலார் மாவட்டம். அங்கே தங்கவயல். 1880-இல் வெள்ளைக்காரக் கம்பெனி ஜான் டெய்லர் தோண்டத் தொடங்கியது. பின்னர் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி, சுமார் 800 டன் தங்கத்தை வெட்டி எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர். அவர்களிலும் ஊரில் ஒதுக்கப்பட்ட சேரி மக்கள்! தங்கம் லண்டனுக்குப் போயிற்று. அவர்களுக்கு நெஞ்சில் கல்தூசு மிஞ்சியது. ஊருக்கு மிஞ்சியது என்ன? தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கல்மாவு. 3 கோடி டன்னுக்கும் மேல். ஊரார் "சயனைடு மேடு" என்று அழைக்கும் சாம்பல் குன்றுகள். சயனைடு வெயிலில் நாளடைவில் சிதையும். கல்மாவில் கலந்த உலோகம் சிதையாது. கோடையில் காற்று அதை வாரி இறைக்கிறது. மழையில் ஓடை அதை அரித்து இழுக்கிறது.

ஆக, சுரங்கம் மூடினாலும் சுரங்கத்தின் ஓடை மூடாது. ஆகவேதான் ஓடையின் கணக்கு நமக்கு வேண்டியதாகிறது.

சங்கம் இல்லாத தொழிலாளி

ஓடை என்ன வேலை செய்கிறது? தொழிலாளத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏனெனில் ஓடையும் ஒரு தொழிலாளி. மூன்று ஷிப்டும் வேலை, கூலி கிடையாது, விடுமுறை கிடையாது, கேட்க ஒரு சங்கமும் கிடையாது!

சுரங்கத்தில் உலோகம் எப்படித் தண்ணீரில் கலக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பல தாதுக்கற்களில் இரும்பும் கந்தகமும் பிணைந்திருக்கும். பூமிக்குள் கிடக்கும்வரை அது சாது. வெட்டி வெளியே போட்டு, காற்றும் மழையும் பட்டதும் கந்தகம் அமிலமாகிறது. அமிலம் கல்லில் உள்ள செம்பையும் துத்தநாகத்தையும் ஈயத்தையும் கரைத்து நீரில் இறக்கிவிடுகிறது. அந்த நீர் ஓடையில் சேர்கிறது.

ஓடை அதன்பின் நான்கு வேலை செய்கிறது.

முதல் வேலை, கலப்பது. பக்கத்து ஓடைகளின் நல்ல நீர் வந்து சேரச் சேர, நஞ்சின் செறிவு குறைகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள நீர் சேர்ந்தால் அமிலத்தின் வேகமும் தணிகிறது.

இரண்டாவது, காற்றூட்டுவது. கல்லில் மோதி, பள்ளத்தில் விழுந்து, சலசலத்து ஓடும்போது காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கரைகிறது. கரைந்திருந்த இரும்பு துருவாகிறது. காவி நிறத்தில் கல்லின்மேல் படிவது அதுதான். அந்தத் துரு சும்மா படிவதில்லை. ஆர்சனிக்கையும் ஈயத்தையும் செம்பையும் தன் மேனியில் ஒட்டவைத்துக்கொண்டு படிகிறது.

மூன்றாவது, படியவைப்பது. ஓட்டம் தளரும் மடுவிலும் வளைவிலும், துருவும் வண்டலும் உலோகத்தைச் சுமந்தபடி அடியில் இறங்குகின்றன.

நான்காவது வேலைதான் நெடுங்காலம் யார் கண்ணுக்கும் படாமல் இருந்தது. ஓடை என்றால் நாம் காணும் நீர் மட்டுமன்று. அதன் அடியிலும் கரையிலும் உள்ள மணலுக்குள்ளே நீர் நுழைகிறது. சில அடி தூரம், சில மணி நேரம், சிலபோது சில நாள் உள்ளேயே உலவிவிட்டு மறுபடி ஓடைக்கு வருகிறது. அந்த மணல்மடியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நீரில் கரைந்த மாங்கனீசை அவை கருப்புப் படலமாக மாற்றி மணலில் பூசிவிடுகின்றன. அந்தப் படலத்தில் நிக்கலும் கோபால்ட்டும் துத்தநாகமும் சிக்கிக்கொள்கின்றன. மணல் என்பது வீடு கட்டும் சரக்கு என்று மட்டுமே எண்ணியிருக்கிறோம். அது ஓடையின் ஈரல்!

எண்ணிப் பார்த்தவர்கள்

இது ஊகமா? இல்லை. எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஊவாஸ் என்ற சிற்றோடையில் ஒரு சோதனை செய்தனர். மூன்று மணி நேரம் ஓடையில் உப்புக் கரைசலை ஒரே சீராக ஊற்றிவிட்டு, கீழே வரிசையாகப் பல இடங்களில் நின்று நீரை எடுத்து அளந்தனர். ஊற்றுவதை நிறுத்தியதும் உப்பும் நின்றுவிட வேண்டுமல்லவா? நிற்கவில்லை! பின்னும் நெடுநேரம் கொஞ்சங் கொஞ்சமாய் வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து? மடுவிலும் மணலிலும் நுழைந்து தங்கியிருந்த நீரிலிருந்து. உப்போடு ஸ்ட்ராண்டியம் என்ற உலோகத்தையும் சேர்த்து ஊற்றியிருந்தனர். அதில் ஒரு பகுதி படுகை மணலிலேயே ஒட்டிக்கொண்டது.

கென்னத் பென்காலா, ராய் வால்ட்டர்ஸ் என்ற இருவர் 1983-இல் இதற்கு ஒரு கணக்குமுறை வகுத்து வெளியிட்டனர். பெயர் பெரிது, உள்ளடக்கம் மளிகைக்கடைப் பேரேடுதான். ஓடையைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொள். ஒவ்வொரு துண்டுக்கும் வரவு எழுது, செலவு எழுது. மேலிருந்து எவ்வளவு வந்தது, பக்கத்தில் எவ்வளவு சேர்ந்தது, மணலுக்குள் எவ்வளவு போயிற்று, மணலிலிருந்து எவ்வளவு திரும்பிற்று, எவ்வளவு படிந்தது, மீதி எவ்வளவு கீழே இறங்கிற்று. ஒரு துண்டின் செலவு அடுத்த துண்டின் வரவு. கணக்கு நேர்பட்டால், ஓடையின் ஆற்றல் என்ன என்பது தெரிந்துவிடும். 1998-இல் ராபர்ட் ரங்கல் என்பவர் இதைக் கணிப்பொறிக்கு ஏற்ற நிரலாக்கி, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வழியாக வெளியிட்டார். சுரங்க நஞ்சு இறங்கும் மலையோடைகளில் அதைப் பயன்படுத்தி, எந்தக் கழிவுமேட்டிலிருந்து எவ்வளவு உலோகம் இறங்குகிறது என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிறது.

அரிசோனா மாநிலத்தில் பினால் என்றோர் ஓடை. அதன் மேற்புறம் நூறாண்டாகச் செம்புச் சுரங்கங்கள். ஜட்சன் ஹார்வி, கிறிஸ்டோபர் ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் கணக்கை வெளியிட்டனர். அந்த ஓடையில் வந்த கரைந்த மாங்கனீசில் சுமார் 20 விழுக்காட்டைப் படுகை மணலே பிடித்து நிறுத்தியது!

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி!" என்று துள்ளுவர் ஆலைக்காரர். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. 20 விழுக்காடு பிடித்தது என்றால், 80 விழுக்காடு கீழே போயிற்று என்று பொருள். அதுவும், அள்ளப்படாத மணலும், பிராணவாயு குறையாத நீரும் உள்ள ஓடையில்! மண்டியிட்டு வேலை செய்த தொழிலாளி ஐந்து மூட்டையில் ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டான் என்பதற்காக, மீதி நான்கையும் அவன் தலையிலேயே வைப்பது எந்த ஊர் நியாயம்?

போனது எங்கே?

இப்போது மீதிப் பாதி உண்மைக்கு வருவோம். சாக்கடையை ஓடை சுத்தம் செய்வதற்கும் உலோகத்தைச் சுத்தம் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாக்கடையின் அழுக்கு நுண்ணுயிர்க்கு உணவு; தின்று தீர்த்துவிடும். உலோகத்தைத் தின்பார் எவருமில்லை. ஈயம் ஈயமாகவே இருக்கும். நூறாண்டு கழித்தும் ஈயமே. நீரில் குறைந்தது என்றால் மண்ணில் ஏறியது என்று பொருள். அது ஒழிந்துவிடவில்லை, ஒளிந்திருக்கிறது!

2015 ஆகஸ்ட் 5-ஆம் நாள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோல்டு கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாய் உடைந்தது. ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நஞ்சு நீர் அனிமாஸ் ஆற்றில் இறங்கியது. ஆறு மஞ்சள் குழம்பாய் ஓடிய படத்தை உலகமே பார்த்தது. சில நாளில் நிறம் தெளிந்தது. உலகம் வேறு செய்தியைப் படிக்கப் போய்விட்டது. ஆனால் படுகையில் படிந்த உலோகத்தை அடுத்து வந்த மழையும், 2016 வசந்தத்தில் பனி உருகி வந்த வெள்ளமும் மறுபடி கிளப்பிக்கொண்டு போயின என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனமே பின்னர் கணக்கிட்டுச் சொல்லிற்று.

ஒளிந்திருப்பது வெளியே வர இரண்டு கதவு உண்டு. ஒன்று வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டதும், கீழே ஊர்கள் மிதந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. வீட்டுக்குள் வந்தது வெறும் தண்ணீரா? படுகையில் கிடந்ததும் சேர்ந்தல்லவா வந்தது!

இரண்டாவது கதவு சாக்கடை. இதை அழுத்திச் சொல்கிறோம். இரும்புத் துருவும் மாங்கனீசுப் படலமும் பிராணவாயு இருக்கும்வரைதான் உலோகத்தைப் பிடித்துவைக்கும். சாக்கடை நிறைந்த நீரில் நுண்ணுயிர்கள் பிராணவாயுவை எல்லாம் உறிஞ்சிவிடும். அப்போது துருவே கரையத் தொடங்கும். அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக்கும் பிறவும் மறுபடி நீரில் இறங்கும். காவல்காரனுக்கே மயக்க மருந்து கொடுத்தால் கைதிகள் நிற்பார்களா? நுரைக்கும் தென்பெண்ணையில் நுரை மட்டுமே குற்றம் என்று எண்ண வேண்டாம். நுரையை உண்டாக்கும் அதே சாக்கடை, படுகையின் சிறைக்கதவையும் திறக்கிறது.

கையைக் கட்டிவிட்டுக் கடமை பேசுவதா?

ஓடை வேலை செய்ய நீர் வேண்டும், மணல் வேண்டும், காற்று வேண்டும், மணலுக்குள் துளை வேண்டும். நான்கில் நம்மிடம் எதை விட்டுவைத்தார்கள்?

நீர்: தென்பெண்ணையும் அதன் கிளையாறுகளும் 1892-ஆம் ஆண்டுச் சென்னை - மைசூர் ஒப்பந்தத்தில் இடம்பெற்ற ஆறுகள். மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோலில் கர்நாடகம் அணை எழுப்பியதை எதிர்த்து 2018-இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது; 2019 நவம்பரில் நீதிமன்றம் தடை மறுத்து, தீர்ப்பாயம் கேட்கும் வழியைக் காட்டிற்று. எத்தனை டி.எம்.சி. என்பதே வழக்கின் பேச்சு. எவ்வளவு நல்ல நீர் குறைகிறதோ, அவ்வளவுக்கு நஞ்சின் செறிவு கூடுகிறது என்பதும் வழக்கில் ஏற வேண்டாமா? கோலார் மக்கள் தாகத்துக்கு நீர் கேட்பதை நாம் பழிக்கவில்லை. தாகம் இரு கரைக்கும் பொது. ஆனால் நல்ல நீரை மேலே நிறுத்திக்கொண்டு கழிவு நீரைக் கீழே அனுப்புவது பங்கீடு ஆகாது!

மணல்: தென்பெண்ணையின் நெடுகிலும் லாரி லாரியாய் அள்ளினோம். ஓடையின் ஈரலை அறுத்து வீட்டுத் தூணில் வைத்தோம்.

காற்று: சாக்கடை தின்றுவிட்டது.

துளை: கல் அறுக்கும்போதும் நொறுக்கும்போதும் வரும் மாவு, மழையில் ஓடைக்கு இறங்கி மணலின் இடுக்குகளை அடைத்துவிடும். கல்மாவில் நஞ்சே இல்லை என்று வாதாடலாம், இல்லாமலே இருக்கட்டும். மூக்கை அடைக்கும் பஞ்சில் விஷம் வேண்டியதில்லையே! அடைபட்ட மணலுக்குள் நீர் புகாது, நுண்ணுயிர் வாழாது, நான்காவது வேலை நின்றுபோகும்.

இந்த நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். குடிநீரில் ஈயம் ஒரு லட்சம் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். ஆற்றில் விடும் கழிவுநீரிலோ, ஒரு லட்சம் லிட்டருக்கு 10 கிராம் வரை பொதுத் தரம் அனுமதிக்கிறது. ஆர்சனிக், குடிநீரில் 1 கிராம். கழிவுநீரில் 20 கிராம். மொத்தக் குரோமியம், குடிநீரில் 5 கிராம். கழிவுநீரில் 200 கிராம். நாற்பது மடங்கு!

இந்த மடங்கு எங்கிருந்து வந்தது? ஆற்றில் நல்ல நீர் நிறைய இருக்கும், கலந்து குறைந்துவிடும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. ஒரு குடம் கழிவுக்கு நாற்பது குடம் நல்ல நீர் என்று சட்டம் மனத்தில் எண்ணிக்கொண்டது. கோடையில் தென்பெண்ணையில் ஓடுவதே கழிவுநீர் என்றால், அந்த நாற்பது குடம் எங்கே? ஓடையின் உழைப்பை முன்பணமாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஓடையிடமோ கையில் காசில்லை!

1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். மனிதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் உழைக்க முடியும், அதற்குமேல் கேட்பது கொலை என்பது மே நாளின் பொருள். ஓடைக்கும் ஒரு வேலை நேரம் உண்டு, ஒரு சுமை அளவு உண்டு. அதைக் கண்டு சொல்லும் கருவிதான் நாம் மேலே சொன்ன கணக்கு. அதை ஆலைக்காரர் "கொட்டலாம்" என்பதற்குச் சாட்சியாக அழைக்கிறார். நாம் "இதற்குமேல் கொட்டாதே" என்பதற்குச் சாட்சியாக அழைக்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒடிசாவில் சுகிந்தா பள்ளத்தாக்கு. நாட்டின் குரோமியத் தாதுவில் மிகப் பெரும் பங்கு அங்கேதான். தாம்சலா என்ற ஓடை சுரங்கங்களின் நடுவே ஓடிப் பிராமணி ஆற்றில் சேர்கிறது. குரோமியத்தில் இரண்டு வகை: கரைந்து பரவிப் புற்றுநோய் தரவல்ல ஒன்று, அதைவிடச் சாதுவாய் மண்ணில் படியும் மற்றொன்று. இலைமக்கும் இரும்பும் உள்ள படுகையில் கொடியது சாதுவாக மாறும். அது இயற்கையின் உதவி. ஆனால் மாங்கனீசுப் படலம் உள்ள இடத்தில் சாது மறுபடி கொடியதாகவும் மாறும்! ஒரு உலோகத்தைப் பிடிக்கும் கை, இன்னொன்றை விடுவிக்கும். ஆகவேதான் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது விஞ்ஞானம் ஆகாது என்கிறோம்.

இன்னொன்று நம் வீட்டு எச்சரிக்கை. இராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுப்போயிற்று. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு சென்றும் மேடு அங்கேயே கிடந்தது. மழைதோறும் மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடியில் இறங்கிற்று. லாபம் எடுத்தவர் கணக்கை முடித்துக்கொண்டார். நஷ்டக் கணக்கு மட்டும் பாலாற்றுப் படுகையில் திறந்தே இருந்தது.

வண்டல் வருமுன்

இனி நம் வாசலுக்கு வருவோம். ஓடை நான்கு வேலை செய்து பிடித்த உலோகம் கடைசியில் எங்கே தங்கும்? ஓட்டம் நிற்கும் இடத்தில். ஓட்டம் நிற்கும் இடம் எது? அணை! ஏரி!

ஏரியிலும் அணையிலும் சேர்ந்த வண்டலை உழவர்கள் இலவசமாய் எடுத்து வயலில் இடத் தமிழக அரசு அனுமதி தருகிறது. நல்ல திட்டம், பாட்டன் காலத்து அறிவு, ஏரி ஆழமாகும், நிலம் செழிக்கும். நாம் அதை ஆதரிக்கிறோம். ஆதரிப்பதாலேயே கேட்கிறோம்: தொழில் நகரங்களின் கீழே உள்ள அணை வண்டலை, வண்டியில் ஏற்றுமுன் ஒருமுறை சோதித்தால் என்ன? ஓடை அரும்பாடுபட்டு நீரிலிருந்து பிரித்துப் படுகையில் பூட்டி வைத்ததை, நாமே திறந்து, கீரைப் பாத்தியிலும் தக்காளித் தோட்டத்திலும் பரப்பிவிடலாமா? உரம் என்று எண்ணி எடுக்கும் ஏழை உழவன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியது ஆட்சியின் கடமையல்லவா?

நாம் கேட்பவை

ஒன்று: கொடியாளம் முதல் கிருஷ்ணகிரி அணை வரையிலும், தேன்கனிக்கோட்டைப் பகுதிக் குவாரிகளின் கீழே சின்னாறு வரையிலும், ஓடையைத் துண்டுதுண்டாய்ப் பிரித்து உலோகக் கணக்கு எடுக்க வேண்டும். நீரில் மட்டும் போதாது. படுகை மண்ணிலும் எடுக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, முதல் வெள்ளத்தில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை.

இரண்டு: கழிவு விடும் அனுமதியில், ஆற்றில் எந்த மாதம் எவ்வளவு நல்ல நீர் ஓடுகிறது என்பதைப் பார்த்து அளவு நிர்ணயிக்க வேண்டும். ஐப்பசிக்கு ஓர் அளவு, சித்திரைக்கு ஓர் அளவு. ஆறு காய்ந்த நாளில் கழிவுக்கு அனுமதியே இல்லை என்றாக வேண்டும்.

மூன்று: கல்மாவு ஓடையில் இறங்காமல் தடுக்கும் படிவுக் குளம் இல்லாத குவாரிக்கும் கிரஷருக்கும் உரிமம் புதுப்பிக்கக் கூடாது.

நான்கு: வண்டல் சோதனை இலவசமாக, ஊர்ப் பெயரோடு, தமிழில் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பர். 2015-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை நிதி உண்டு. குடிநீரும் சுற்றுச்சூழல் காப்பும் அந்த நிதியின் முன்னுரிமைச் செலவுகள். கல்லை விற்ற பணத்தில் தண்ணீரைச் சோதிப்பது தருமம் அன்று, கடன் தீர்ப்பது!

தோழர்களுக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு கிளையும் தன் ஊர் ஓடையை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை நடந்து பாருங்கள். எங்கே குழாய் வந்து விழுகிறது, எங்கே கல்லில் காவி படிகிறது, எங்கே மணல் சேறாய் அடைத்துக்கிடக்கிறது, எங்கே மீன் காணோம் என்று நாளும் இடமும் குறித்து எழுதிவையுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை வாசகசாலையில் உரக்கப் படியுங்கள். ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: கழிவைத் தடுத்தால் வேலை போய்விடும் என்று உங்களை மிரட்டுவர். சுத்திகரிப்பு நிலையம் ஓட்டுவதும் வேலைதான். அதற்கும் ஆள் வேண்டும்! உங்கள் கூலிக்காக உங்கள் பிள்ளையின் குடத்தில் ஈயம் கலக்க வேண்டும் என்று எந்தப் பொருளாதாரமும் சொல்லவில்லை.

ஓடைக்கு வாயில்லை, மனு எழுதத் தெரியாது, வேலைநிறுத்தம் செய்யத் தெரியாது. அது வேலையை நிறுத்தும் நாளில் அறிவிப்பும் கொடுக்காது. அது நின்றுவிட்டது என்பது நம் வயலிலும் குடத்திலும்தான் தெரியும். அந்த நாள் வருமுன் அதன் சார்பில் கணக்குக் கேட்பது நம் வேலை. கேட்போம், எழுத்தில் கேட்போம், எண்ணோடு கேட்போம், விடை வரும்வரை கேட்போம்!